படம் ஓடினால்தான் அப்பா பேசுவார்

ஹாலிவுட் படங்களில் செத்தவனை எழுப்பும் காட்சி வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கதாநாயகன் தரையில் கிடப்பான். மானிட்டரில் கோடு நேராகப் போகும். டாக்டர் கையை விரித்துவிடுவார். கூட்டாளி ஒருத்தன் மட்டும் விடமாட்டான். "போகாதே, உன்னால் முடியும்" என்று கத்திக்கொண்டு நெஞ்சில் நாலு குத்துக் குத்துவான். செத்தவன் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து ஒரு ஜோக் அடிப்பான். அடுத்த காட்சியில் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டிருப்பான்.

நான் பத்தொன்பது வருஷமாக இதய வார்டில் நர்ஸ். கோடு நேராகிவிட்டால் ஷாக் கொடுத்துப் பிரயோஜனமில்லை என்பது முதல் வருஷப் பாடம். வயசானவர்கள் மார்பை அழுத்தினால் பெரும்பாலும் விலா எலும்பு முறியும். அதற்குப் பிறகு எழுந்து வீட்டுக்கு நடந்துபோன கிழவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஜோக் அடித்தவர் ஒருத்தரும் இல்லை. ஆனால் வார்டுக்கு வெளியே நிற்கிற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். நாங்கள் வியர்த்து விறுவிறுத்து நிமிர்ந்தால், சரியாகக் குத்தவில்லை என்பதுபோல் எங்களைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே அந்தப் படம் எடுத்தவர்களை வரிசையில் நிறுத்தி நாலு அறை விடலாம் என்று தோன்றும்.

அப்படிப்பட்ட சொந்தக்காரன் ஒருத்தன் என் குடும்பத்திலேயே இருந்தான். என் தம்பி. இரண்டு தெரு தள்ளி செல்போன் கடை வைத்திருக்கிறான். கடையில் ஆள் வராத நேரமெல்லாம் படம் பார்ப்பான். உலகத்தைக் காப்பாற்ற ஆறு பேர் வந்தால் அந்த ஆறு பேருக்கும் சேர்த்து அழுவான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பென்டிரைவோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அப்பா என்னோடுதான் இருந்தார். என் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார்.

அப்பா முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். வாயைத் திறக்கவே மாட்டார். "ஓட்டுநருடன் பேசாதீர்கள்னு எழுதிப் போட்டுக்கிட்டு முப்பது வருஷம் உக்காந்தா இப்படித்தான் ஆகும்" என்று அம்மா சொல்வாள். அம்மா போய் எட்டு வருஷமாகிறது. அவள் போன அன்றுகூட அப்பா நாலு வார்த்தைதான் பேசினார். அதில் இரண்டு, பந்தல்காரனிடம்.

ஆனால் டி.வி.யில் படம் ஓடினால் போதும், பேச்சு மடை திறந்த மாதிரி வரும். அதுவும் தமிழ் டப்பிங் ஹாலிவுட் படம் என்றால் கேட்கவே வேண்டாம். வேற்றுக் கிரகத்துக்காரர்கள் வந்து இறங்கினால், "அவ்வளவு தூரத்துலேருந்து வர்றவன் எப்பவும் அந்த ஒரே நாட்டுலதான் எறங்குவானா? அங்க மட்டும்தான் பர்மிட் போல" என்பார். கார் துரத்தல் வந்தால், "எழுபது வண்டிய நொறுக்கிட்டான். ஒரு தடவையாச்சும் இண்டிகேட்டர் போட்டானா பாரு" என்பார். பறக்கும் வீரன் காரில் ஏறினால், "பறக்கத் தெரிஞ்சவனுக்கு எதுக்குக் கார்? பவுசு." வில்லனுக்கும் ஜனாதிபதிக்கும் டப்பிங்கில் ஒரே ஆள் குரல் கொடுத்திருந்தால், "ஒரே வாயி, ரெண்டு சம்பளம்" என்பார். கடைசிச் சண்டை தொடங்கியதும் தூங்கிவிடுவார். யார் ஜெயித்தார்கள் என்று எழுந்து கேட்டதேயில்லை.

இதை நாங்கள் எப்போது கண்டுபிடித்தோம் என்று தெரியவில்லை. அப்பாவிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் நேராகக் கேட்டுப் பிரயோஜனமில்லை. படம் போட்டுவிட்டு உட்கார வேண்டும். நான் கப்பல்காரரைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு ஞாயிறு, படத்தில் ஒரு பெண் வீட்டை எதிர்த்துத் தீயணைப்பு வீரனோடு போனாள். "அந்தப் பொண்ணு சரியாத்தான் செய்யுது. மாசச் சம்பளக்காரன், பயந்தாங்கொள்ளியும் இல்ல" என்றார் அப்பா, டி.வி.யைப் பார்த்தபடி. மறுநாள் நான் கப்பல்காரர் வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன். தம்பி படிப்பை விட்டுவிட்டுக் கடை போட்டதும் அப்படி ஒரு வசனத்துக்குப் பிறகுதான். எங்கள் வீட்டுக் காரியமெல்லாம் இப்படி ஹாலிவுட்காரர்கள் தயவில்தான் நடந்தது.

போன வருஷம் ஒரு ஞாயிறு தம்பி வரவில்லை. கடையில் கூட்டம். நானும் அப்பாவும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். வயசான தளபதி ஒருவர் படுக்கையில் கிடக்கிறார். சிப்பாய்கள் சுற்றி நின்று குத்துகிறார்கள். நான் வழக்கம்போலத் திட்டத் தொடங்கினேன். அப்பா குறுக்கே பேசினார்.

"எனக்கு இப்படி ஆச்சுன்னா இந்தக் குத்து வாங்க வைக்காதீங்க. டிப்போவுக்கு வந்து சேந்த வண்டிய யாராச்சும் தள்ளுவாங்களா?"

 நான் அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் அவருக்கு இதயம் பலவீனமானது. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. என் வார்டிலேயே சேர்த்தோம். பதினோராவது நாள் எங்கள் டாக்டரம்மா என்னையும் தம்பியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். இதயம் கால்வாசிகூட வேலை செய்யவில்லை, இனி மருந்துதான், வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்றார். பிறகு ஒரு படிவத்தை மேஜையில் வைத்தார். இதயம் நின்றால் மார்பை அழுத்தவோ குழாய் போடவோ வேண்டாம், அமைதியாக விட்டுவிடலாம் என்று எழுதியிருக்கும் படிவம். எத்தனையோ பேரிடம் நானே அதை நீட்டியிருக்கிறேன். என் பக்கம் அது நீண்டபோதுதான் அதில் எவ்வளவு சின்ன எழுத்து என்று தெரிந்தது.

"அப்பாகிட்ட கேட்டேன். 'பிள்ளைங்ககிட்ட கேட்டுக்குங்க'ன்னுட்டார். ரெண்டு பேரும் சம்மதிச்சா கையெழுத்துப் போடுங்க" என்றார் டாக்டரம்மா.

பிள்ளைங்ககிட்ட கேட்டுக்குங்களாம். எனக்கு அப்பாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பேசவேண்டிய ஒரே ஒரு இடத்திலும் வாயை மூடிக்கொண்டு பழியைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டார். நான் பேனாவை எடுத்தேன். தம்பி எழுந்து வெளியே போய்விட்டான்.

வராந்தாவில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் பிடித்தேன்.

"கையெழுத்துப் போடாம எங்கடா ஓடற?"

"அப்பாவக் கொல்றதுக்கா கையெழுத்து?"

"கொல்றதுன்னு சொன்ன, பல்லு பேந்துடும். நின்னுபோன இதயத்த அழுத்தினா என்னாகும்னு உனக்குத் தெரியுமா? எலும்பு நொறுங்கும். குழாய் போட்டு, கையக் கட்டி, மூணு நாள் கண்ணு மட்டும் தொறந்து கெடப்பாரு. அப்புறம் போவாரு. அதான் வேணுமா?"

"எல்லாருக்கும் அப்படியே ஆகுமா? எழுந்தவங்களே இல்லையா?"

"இருக்காங்க. நீ பாக்கற படத்துல."

அவன் முகம் சுண்டிப்போனது. நான் விடவில்லை. அப்பா அந்தத் தளபதி படத்தின்போது சொன்னதைச் சொன்னேன். அவன் சிரித்தான். அழுவதற்கு முன்னால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"படம் பாத்துக்கிட்டே சொன்னத உயில் மாதிரி பேசறியே அக்கா. நான் அப்பாவத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன், தெரியுமா உனக்கு? விண்வெளிப் படம். செத்துப்போன பொண்ண அந்த வீரன் அழுத்தி அழுத்தி எழுப்பினான். அப்பா கை தட்டினாரு. தியேட்டர்ல மொதல்ல கை தட்டினதே அவருதான். அதுக்கு என்ன அர்த்தம்?"

 அப்பா கைதட்டினாரா? நான் தூரத்து ஆள் மாதிரி நின்றேன். பிறகு அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. "அந்தப் பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசுடா முட்டாள்" என்றேன். பக்கத்தில் தண்ணீர் பிடிக்க வந்தவர் பாட்டிலை மூடாமலே போய்விட்டார்.

இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். படிவம் என் கைப்பையில் கிடந்தது. என் கையெழுத்து மட்டும் இருந்தது. ராத்திரி பகல் எந்நேரமும் அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தேன். நின்றால் தம்பி ஆம்புலன்ஸைக் கூப்பிடுவான். வருகிறவர்கள் படிவம் கேட்பார்கள். ஒரு கையெழுத்து போதாது என்று வேலையைத் தொடங்குவார்கள். என் அப்பாவின் எலும்பை, அவர் வேண்டாம் என்று சொன்னபிறகும், முன்பின் தெரியாத ஒருத்தன் முறிப்பான். இதை நினைத்தாலே தம்பியின் கடைக்குப் போய் அவனை இழுத்துப் போட்டு மிதிக்கத் தோன்றியது.

சனிக்கிழமை அவனே போன் செய்தான்.

"நாளைக்குப் படம் போடலாம் அக்கா. அப்பாவே சொல்லட்டும்."

"நீ குத்தி எழுப்பற படமாத்தான் கொண்டுவருவ."

"ஆமா. அதப் பாத்துதானே அவரு சொல்லணும்? எழுந்திரிக்காத படத்த நீ எங்கேருந்து கொண்டுவருவ?"

பைத்தியக்காரத்தனம்தான். இதய வார்டில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள், டாக்டரம்மா நேருக்கு நேர் கேட்டுப் பதில் வராத கேள்வியை ஹாலிவுட்காரனை விட்டுக் கேட்கப்போகிறேன். ஆனால் எங்கள் வீட்டில் வேறு வழி என்றைக்கு இருந்தது? சரி என்றேன்.

ஞாயிறு மத்தியானம் அப்பாவைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்தேன். தம்பி பென்டிரைவைச் சொருகினான். எரிமலைப் படம். ஒரு நகரமே சாம்பலில் மூழ்குகிறது. மீட்புக்குழுத் தலைவனும் அவன் தம்பியும் குழந்தைகளைக் காப்பாற்றப் போகிறார்கள். நான் டி.வி.யைப் பார்க்கவில்லை. அப்பா வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியும் அப்படித்தான்.

அப்பா உற்சாகமாகவே இருந்தார். "எரிமலைக்குப் பக்கத்துல யாருடா ஊரு கட்டச் சொன்னது" என்றார். மூச்சு வாங்கியது. "இந்தப் பொம்பளைக்கு இவ்வளவு ஓட்டத்துலயும் லிப்ஸ்டிக் அழியலையே" என்றார். நெருப்பு ஆற்றைத் தாண்டி லாரி பறந்தபோது, "டயர் என்ன கம்பெனின்னு கேட்டுச் சொல்லு" என்றார். தம்பி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. டயரைப் பற்றிப் பேச வாய் இருக்கிறது.

கடைசியில் அந்த இடம் வந்தது. தலைவனின் தம்பி சாம்பலில் கிடக்கிறான். மூச்சில்லை. தலைவன் மண்டியிட்டு நெஞ்சில் குத்துகிறான், அழுகிறான், கத்துகிறான். இசை ஏறுகிறது. இந்த இடத்தில் அப்பா வழக்கமாகத் தூங்கியிருப்பார். இன்றைக்குத் தூங்கவில்லை. கண்ணைக் கொட்டாமல் பார்த்தார். படத்தில் அவன் இருமிக்கொண்டு எழுந்தான். அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டார்கள்.

என் தம்பி ஒரு வார்த்தைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.  பெயர்கள் ஓடத் தொடங்கின. சண்டாளக் கிழவர், இப்போதும் பேசமாட்டாரா என்று எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது.

"அவன் எழுந்திரிச்சது நல்லதுதான். சின்னப் பையன்" என்றார் அப்பா மெல்ல. தம்பி என்னைப் பார்த்தான். அப்பா நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஆனா அண்ணங்காரன் பயத்துலதான் குத்தறான். தான் தனியாப் போயிடுவோம்னு. அடி வாங்கறது கீழ கெடக்கறவன்."

 அப்பா டி.வி.யிலிருந்து கண்ணை எடுத்து எங்களை ஒருத்தர் பின் ஒருத்தராகப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் படம் ஆரம்பிச்சதுலேருந்து என் மூஞ்சியவே பாக்கறீங்க. டாக்டர் குடுத்த காகிதத்துக்குத்தானே இவ்வளவும்?" என்றார். "எழுதிக் குடுத்துடுடா. எனக்கு வேணாம்."

படம் ஓடாத டி.வி.க்கு முன்னால் அப்பா நேராக ஒரு பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. என் கைப்பையிலிருந்து படிவத்தை நான் எடுத்துத் தரும்வரை தம்பி காத்திருக்கவில்லை. அவனே துழாவி எடுத்தான். கையெழுத்துப் போடும்போது காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தினான். "போதுமா? ஜெயிச்சிட்டியா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனான். ஜெயித்ததாகத்தான் எனக்கும் இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். தம்பி தினமும் கடை திறக்கும் முன் வந்து போனான். என்னிடம் அளந்துதான் பேசினான். அப்பாவிடம் மட்டும் நேற்றுப் பார்த்த படத்தின் கதையைச் சொல்வான். அப்பா கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். அப்பா நாற்காலியில் இருந்தார். அவர் காலை என் மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். தம்பி ஜன்னல் பக்கம் நின்று வாடிக்கையாளர் யாருக்கோ போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாவது விரலுக்கு வந்தபோது கால் கனத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. மார்பு இறங்கியது. ஏறவில்லை.

படிவம் அலமாரியில் இருந்தது. இரண்டு கையெழுத்தும் இருந்தன. அப்பா சொன்னது காதில் இருந்தது. ஒன்றையும் நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். எல்லாம் தெரிந்துதான் அவரை நாற்காலியிலிருந்து தரையில் இழுத்துப் போட்டேன். சட்டைப் பொத்தான்களைப் பிய்த்தேன். கைமேல் கை வைத்து அழுத்தத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினேழில் உள்ளங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை. நான் நிறுத்தவில்லை. "அப்பா, எழுந்திரிங்க. எழுந்திரிங்கப்பா" என்று கத்தினேன். எந்த நர்ஸும் கத்தமாட்டாள். நான் கத்தினேன்.

தம்பி என்ன செய்வான் என்று நினைக்கிறீர்கள்? அவன் கத்தவில்லை. போனை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து எனக்குப் பின்னால் மண்டியிட்டான்.

"அக்கா, விடு."

"போடா. ரெண்டு நிமிஷம். ரெண்டே நிமிஷம்டா."

"அப்பா வேணாம்னாரு. விடுக்கா."

விடவில்லை. அவன் என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தான். நான் அவனை முழங்கையால் இடித்தேன். மூக்கில் பட்டு ரத்தம் வந்தது. அவன் பிடியைத் தளர்த்தவில்லை. என் கைகளை அப்பாவின் மேலிருந்து எடுத்து, தன் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டான்.  நான் திமிறினேன், கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திமிறல் நின்றபோது அப்பாவின் உதடு நீலமாகியிருந்தது.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார். மார்பில் என் கை பதிந்த சிவப்பை அவர் பார்த்தார். என்னையும் பார்த்தார்.  தம்பிதான் அப்பாவுக்கு வேறு சட்டை போட்டுக் கழுத்துவரை பொத்தானை மாட்டிவிட்டான்.

மத்தியானத்துக்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். டிப்போக்காரர்கள், என் வார்டு நர்ஸுகள், அக்கம்பக்கத்தார். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், எப்படிப் போனார் என்று. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்று தம்பி ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். மூக்கில் பஞ்சு வைத்திருந்தான். கதவில் இடித்துக்கொண்டதாம்.

"கஷ்டமே படல. அக்கா மடியில கால வச்சிருந்தாரு, அப்படியே போயிட்டாரு. நான்தான் பதறினேன். அக்கா தொடவே விடல. அப்பா சொன்ன மாதிரியே விட்டுட்டா."

வார்டு நர்ஸுகள் என் தோளைத் தொட்டு, "உன்னாலதான் முடியும்" என்றார்கள். நான் தலையாட்டினேன். தம்பி அதே வார்த்தைகளை அன்று சாயங்காலம்வரை, வருகிற ஒவ்வொருவரிடமும், ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னான். அதற்காக நான் அவனை இன்னும் மன்னிக்கவில்லை.